மரத்தில் மயில் பதிப்பது எப்படி?

மரத்தில் மரம் பதிக்கும் இன்லே கலைக்கு முதல் தேவை ஒரு சுவர். படம் எங்கே தொங்கப்போகிறது என்று முடிவு செய்யாமல் வேலையைத் தொடங்குகிறவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஹாலில், சோபாவுக்கு மேலே, டியூப்லைட் வெளிச்சம் நேராக விழாத சுவராகப் பாருங்கள். வெளிச்சம் ஏன் விழக்கூடாது என்பது போகப்போகப் புரியும். ஆணியை அடித்துவிட்டு, "அடுத்த மாசம் இங்க ஒரு மயில் வரும்" என்று வீட்டாரிடம் அறிவித்துவிடுங்கள். எந்த வருஷத்து அடுத்த மாசம் என்று சொல்லித் தொலைக்க வேண்டாம்.

இனி வேலை. கேட்பதற்கு இதைவிட எளிதான கலை கிடையாது. கருத்த மரப் பலகையில் ஒரு வடிவத்துக்குப் பள்ளம் தோண்ட வேண்டும். அதே வடிவத்தை வெளிறிய மரத்தில் அறுக்க வேண்டும். அறுத்ததைப் பள்ளத்தில் உட்காரவைத்து ஒட்டித் தேய்க்க வேண்டும். பெயின்ட் கிடையாது, பிரஷ் கிடையாது. நிறமெல்லாம் மரமே கொடுக்கும். மைசூரில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். ஈட்டிப் பலகையில் யானை ஊர்வலம், மாட்டுவண்டி, கீதோபதேசம் என்று கடைத்தெருவெல்லாம் தொங்கும். புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது.

நீங்கள் மைசூர் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். பழைய மர அரண்மனை 1897-இல் ஒரு கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோக, நம் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டி முடித்த ஹென்றி இர்வினைக் கூப்பிட்டுப் புதிதாக வரையச் சொன்னார்கள், 1912-இல் முடிந்தது. உள்ளே அம்பா விலாசத்துக்குப் போகும் வழியில் தந்தம் பதித்த ஈட்டிக் கதவு ஒன்று இருக்கிறது. கைடு அடுத்த கூடத்துக்கு விரட்டிக்கொண்டிருந்ததால் நீங்கள் அதை அரை நிமிஷம்தான் பார்த்திருப்பீர்கள். பார்த்தவரைக்கும் "இது என்ன, வெட்டி ஒட்டறதுதானே" என்று தோன்றியிருக்கும். அந்த எண்ணத்தை விட்டுவிடாதீர்கள். கிட்டப் போய், வெள்ளை முடிந்து கருப்பு தொடங்கும் கோட்டை உற்றுப் பார்த்தவர்கள் யாரும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியதாகத் தெரியவில்லை.

தந்தத்துக்கு ஆசைப்பட வேண்டாம். நம் யானையின் தந்தத்தை விற்பதற்கு 1986-இல் தடை வந்தது. ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991-இல். மைசூர்க்காரர்கள் பல இடங்களில் வெள்ளை பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள், பிறகு வெளிறிய மரங்களை வைத்தே சமாளிக்கக் கற்றுக்கொண்டார்கள். உங்களுக்கு அந்தக் கட்டம் எல்லாம் இல்லை. நேராக மரம்தான்.

முதலில் கருவிகள். ஒரு வில் ரம்பம், தலைமுடி கனத்தில் அலகுகள், நாலு சிற்றுளி, ஒரு கூர்க்கல், உப்புத்தாள், பசை. மைசூர்ப் பட்டறையில் ஒருவருக்கு இவ்வளவுதான் இருக்கும். நீங்கள் இதோடு நிற்கக் கூடாது. மோட்டார் வைத்த ரம்பம், குடைவதற்கு ரவுட்டர், தூசி உறிஞ்ச ஒன்று, காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, எல்லாவற்றையும் மாட்டிவைக்க ஓட்டை போட்ட பலகை, அந்த ஓட்டைகளுக்குக் கொக்கி என்று வாங்கிக்கொண்டே போகலாம். கூர்க்கல் மட்டும் கடைசி. உளிதான் புதிதாயிற்றே, அதற்குள் எதற்குத் தீட்ட வேண்டும்? கடையிலிருந்து வரும் உளி தீட்டப்படாமல்தான் வரும் என்பதையும், பள்ளத்தின் ஓரம் அறுபடாமல் நசுங்கிப் பிய்ந்து வரும் என்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நசுங்கிய ஓரத்துக்கு மக்கு இருக்கிறது.

மக்கு என்பது மரத்தூளைப் பசையில் குழைத்து ஓட்டை அடைக்கும் சமாசாரம். இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரும். ஒரு டப்பா நிறையக் குழைத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடுத்தது மரம். இங்கேதான் கலைஞனின் உள்ளம் துள்ளும். அடிப்பலகைக்கு ஈட்டி, தென்மாவட்டங்களில் தோதகத்தி என்பார்கள். கத்திரிப்பூப் பழுப்பில் கருங்கோடு ஓடும், தூக்கினால் கை இறங்கும். மரவாடிக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். வாடிக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

"ஈட்டியா? எத்தனை கன அடி சார்?"

"ஒண்ணரைக்கு ஒண்ணு, ஒரு பலகை போதும்ண்ணே."

"வாசக்காலுக்கு வேங்கை வேணா தரேன், எடுத்துக்கங்க."

அவரைக் குறை சொல்வதற்கில்லை. பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியானாலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1994-இல் தனிச்சட்டமே போட்டார்கள். அந்தப் பேரினம் மொத்தமும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. ஆகவே, விஷயம் தெரிந்தவர்கள் பழைய சாமான்தான் தேடுவார்கள். வீட்டில் தாத்தா காலத்து ஈட்டிக் கட்டில் இருக்கிறதா பாருங்கள். நூறு வருஷம் காய்ந்த மரம் நெளியாது, முறுக்காது. அதை அறுத்து மயில் செய்யலாம் என்று நீங்கள் யோசனை சொன்ன அன்று உங்கள் சித்தப்பாக்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் பேசுவார்கள். பாகப்பிரிவினைக்குப் பிறகு அது நடப்பது முதல் தடவையாக இருக்கும்.

கருப்புக்குக் கருங்காலி. ஆனால் கருங்காலி இப்போது மரமாகக் கிடைப்பதைவிட மாலையாகக் கிடைப்பதுதான் அதிகம். பரவாயில்லை, இரண்டு மணி கழற்றினால் மயிலுக்குக் கண்ணாயிற்று; அது அசல் கருங்காலிதானா, சாயம் போட்டதா என்பதும் தேய்க்கும்போது தெரிந்துவிடும். மஞ்சளுக்குப் பலா. தஞ்சாவூர் வீணை செய்கிற அதே மரம். அறுத்த அன்றைக்கு மாங்கல்ய மஞ்சளாகப் பளபளக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு வருஷம் போகப்போகத் தேன் நிறமாகி, பழுப்பாகி, ஈட்டியோடு சமாதானமாகிவிடும். டியூப்லைட் விஷயம் நினைவிருக்கிறதா? சிவப்புக்குப் படாக் இருக்கிறது. அதுவும் அப்படித்தான், செங்கல் சிவப்பில் தொடங்கிக் காபியில் முடியும். செம்மரம் கேட்டு யாருக்கும் போன் செய்யாதீர்கள். வெள்ளைக்கு ரப்பர் மரம் சல்லிசு.

நீலம்?

இங்கே கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மயில் என்று அறிவித்தாயிற்று. நம் மரவாடியில் நீல மரம் கிடையாது. சாம்பல் உண்டு, ஊதா சாயலில் பழுப்பு உண்டு. மயில் கழுத்து நீலத்தை எந்த மரமும் நமக்காக வைத்திருக்கவில்லை. பச்சைக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பதிப்பு வேலைக்காரர்கள் காட்டில் விழுந்து ஈரத்தில் கிடக்கும் மரங்களைத் தேடி எடுத்தார்கள். ஒருவகைக் காளான் உள்ளே பரவி மரத்தையே நீலப் பச்சையாக மாற்றிவிடும். சாயம் அல்ல, மரத்துக்குள்ளேயே ஊறிய நிறம். ஐந்து நூற்றாண்டு தாண்டியும் பச்சை தெரிகிறது. அந்தக் காலத்துப் பிரபு ஃபெடரிகோ தா மொண்டெஃபெல்ட்ரோவுக்குக் குபியோ ஊரில் செய்த சின்னப் படிப்பறை ஒன்று இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவர் முழுக்க மரப்பதிப்பு. அலமாரிக் கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே புத்தகம், வாத்தியம், கூண்டில் கிளி. கதவை மூடலாம் என்று கை நீட்டினால் தட்டைச் சுவர். கவனியுங்கள்: அவர்களும் கிளியோடு நிறுத்திக்கொண்டார்கள், மயிலுக்குப் போகவில்லை. உங்கள் குளியலறைக் கதவின் அடியில் பூத்திருப்பது வேறு காளான். அதை நம்பிக் கதவைக் கழற்றாதீர்கள்.

ஆகவே மயில் பழுப்பாகத்தான் வரும். "பெண்மயில்" என்று சொல்லிவிட்டால் தோகைக்கான வேலையும் மிச்சம்.

நிழல் காட்டுவதற்கு ஒரு வித்தை உண்டு, அதை மட்டும் உண்மையாகவே சொல்லித் தருகிறேன், ஏனென்றால் இந்தக் கலையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். இறகு ஒன்று இன்னொன்றின் மேல் படிந்திருப்பதாகத் தெரிய வேண்டும் என்றால், அடியில் இருக்கும் இறகின் ஓரம் கருத்திருக்க வேண்டும். வண்ணம் தீட்டக் கூடாது. இரும்பு வாணலியில் சலித்த மணலைப் போட்டு அடுப்பில் வையுங்கள். கடற்கரையில் கடலை வறுக்கிறவர் வைத்திருக்கும் அதே மணல் சட்டி. மணல் நன்றாகச் சூடேறியதும், அறுத்து வைத்த துண்டை இடுக்கியால் பிடித்து ஓரத்தை மட்டும் மணலில் செருகுங்கள். பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் ஓரம் பொன்னிறமாகி, உள்ளே போகப்போக நிறம் தேய்ந்து, தூரிகையால் முடியாத ஒரு நிழல் விழும். ஆழமாகச் செருகினால் அதிகச் சூடு, மேலாகப் பிடித்தால் குறைந்த சூடு. வேண்டியதைவிட ஒரு பிடி அதிகமாகவே கருக்க வேண்டும், மேலே தேய்க்கும்போது கொஞ்சம் போய்விடும். ஒரு துளி அதிகமானால் கரி. ஓரம் சுருங்கி, அப்புறம் எந்தப் பள்ளத்திலும் உட்காராது. கை பழகியவர்கள் வாசனையை வைத்தே எடுத்துவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது வாணலி. "என்னங்க, தோசைக்கு வெங்காயம் வதக்கற சட்டியில மண்ணை வறுக்கிறீங்க?" என்ற கேள்விக்கு 15-ஆம் நூற்றாண்டு இத்தாலி பதிலாகாது. தனிச் சட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அறுப்பு. இதை வேகமாகக் கடந்துவிடலாம் என்று பார்த்தேன், முடியாது, ஏனென்றால் எல்லாமே இதுதான். ரம்பத்தின் பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பாதிப் பேர் தலைகீழாக மாட்டிவிட்டு மரம் துள்ளுகிறது என்று மரத்தைத் திட்டுவார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாக இருந்த காலத்திலிருந்து இது உள்ளதுதான். அலகு எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் அறுக்கிற வழியில் கொஞ்சம் மரத்தைத் தூளாக்கித் தின்றுவிடும். துண்டைத் தனியாகவும் பள்ளத்தைத் தனியாகவும் அறுத்தால், இரண்டு பக்கமும் கை நடுங்கிய இடங்கள் சேர்ந்து ஒரு சந்து விழும். மைசூர் ஆள் துண்டைப் பலகை மேல் வைத்து, கூர் ஊசியால் சுற்றிக் கீறி, அந்தக் கீறலுக்கு உட்பக்கமே உளியை நிறுத்திக் குடைகிறார். கோட்டைத் தொடுகிறார், தாண்டுவதில்லை. இதை எழுத ஒரு வரி ஆகிறது. செய்யக் கற்றுக்கொள்ளச் சிறுவயதிலேயே பட்டறையில் உட்கார வேண்டும்.

குறுக்கு வழி ஒன்றும் உண்டு, ஐரோப்பாவில் மெல்லிய பலகைக்குச் செய்வது. கருமரத்தைக் கீழேயும் வெண்மரத்தை மேலேயும் வைத்து இரண்டையும் ஒட்டாகப் பிடித்து, மேசையைச் சற்றே சாய்த்து ஒரே அறுப்பில் அறுத்தால், மேல்துண்டு கீழ் ஓட்டையில் புட்டிக்கு மூடிபோல இறுகி உட்காரும். ரம்பம் தின்ற தூளின் அகலத்தைச் சாய்வு ஈடுகட்டிவிடுகிறது. 3 மில்லிமீட்டர் மரத்துக்குக் கால் மில்லிமீட்டர் அகலம் அறுக்கும் அலகு என்றால் 5 பாகை சாய்வு சரியாக வரும். ஒரே நிபந்தனை, முழுச் சுற்றும் ஒரே திசையில் போக வேண்டும். பாதியில் அலகு மாட்டிக்கொண்டதென்று திரும்பி எதிர்த்திசையில் வந்தால் சந்து குறைவதற்குப் பதில் இரட்டிப்பாகும். கோயிலில் அப்பிரதட்சிணம் வந்தவனையாவது யாரும் கேட்பதில்லை, மரம் கேட்கும்.

நீங்கள் எந்த வழியில் போனாலும் சந்து வரும். மக்கு டப்பாவைத் திறங்கள். ஈட்டித் தூளில் குழைத்தால் கருப்புப் பக்கம் சேர்ந்துகொள்ளும், பலாத் தூளில் குழைத்தால் மஞ்சள் பக்கம். எந்தப் பக்கம் சேர்ப்பது என்று குழம்பி இரண்டையும் கலந்தால் மயிலைச் சுற்றி ஒரு சேற்று வரப்பு விழும். கருப்பாகவே இருக்கட்டும். கேட்டால் "அவுட்லைன்" என்று சொல்லலாம். மைசூரிலும் முகம், புடவை மடிப்பு, கண் போன்ற நுட்பங்களை மெல்லக் கீறிக் கருப்பு நிரப்பித்தான் காட்டுகிறார்கள் என்பதால் உங்கள் பக்கம் ஒரு சாஸ்திரமும் இருக்கிறது. அவர்கள் கோடு தலைமுடி அகலம், உங்கள் கோடு ஈர்க்குச்சி அகலம். அது பாணி.

ஒட்டும்போது ஒரு விஷயம். ஈட்டி எண்ணெய்ப்பசையுள்ள மரம், பசையை லேசில் பிடிக்காது. தின்னரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும். அந்தக் காலத்தில் தோலையும் எலும்பையும் காய்ச்சிய வச்சிரம் போட்டார்கள். நாற்றம் தெருக்கோடிவரை போகும் என்றாலும், தப்பாக ஒட்டியதைச் சூடு காட்டிக் கழற்றிவிடலாம். இன்றைய வெள்ளைப் பசையில் அந்தக் கருணை கிடையாது. மயிலின் கால் ஒன்று பின்னோக்கி ஒட்டிக்கொண்டதென்றால் அது அப்படியே நடக்கட்டும்.

அப்புறம் தேய்ப்பு. எல்லோரும் உற்சாகமாகச் செய்கிற வேலை இது, கெடுகிற வேலையும் இதுதான். படாக்கின் சிவப்புத் தூள் நைசு. உப்புத்தாளால் வட்ட வட்டமாகத் தேய்த்தால் அது பக்கத்து ரப்பர் மரத்தின் நுண்துளைகளில் இறங்கி, வெள்ளைக் கொக்கு வெட்கப்பட்டதுபோல் ரோஸ் ஆகிவிடும். துடைத்தால் போகாது, ஸ்பிரிட் பட்டால் இன்னும் உள்ளே இறங்கும். தெரிந்தவர்கள் வெண்மரத்தின் மேல் முதலிலேயே ஒரு கை அரக்குப் பூசித் துளைகளை மூடிவிட்டு, உப்புத்தாளைத் தொடாமல் இரும்புத் தகட்டால் சீவுவார்கள். ஈட்டித் தூளும் லேசுப்பட்டதல்ல, சிலருக்குத் தோலில் தடித்துச் சொறியும். தேய்த்துவிட்டுக் கையோடு கழுத்தைத் தடவாதீர்கள். நிறைய உழைத்ததற்கு அடையாளம் வேண்டும் என்றால் தடவிக்கொள்ளலாம், உங்கள் இஷ்டம்.

கடைசியாக பாலீஷ். அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்ல மெல்லக் கை மேல் கையாக ஏற்ற வேண்டும். ஈட்டியின் ரேகை ஒவ்வொன்றும் உள்ளிருந்து எழுந்து வரும். அந்த நிமிஷம், சொல்லக் கூடாதுதான், கொஞ்சம் பரவசமாகவே இருக்கும். கூடவே சந்துகளும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். பாலீஷுக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது.

மாட்டியாகிவிட்டது. இரண்டு மாசம் எல்லாம் சுகம். ஐப்பசி மழையில் பலகை ஈரம் வாங்கி ஊதும், ஏ.சி. அறையில் ஈரம் விட்டுச் சுருங்கும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. அசைவதெல்லாம் ரேகைக்குக் குறுக்கே. பலகையின் ரேகை கிழக்கு மேற்காகவும் மயிலின் ரேகை வடக்கு தெற்காகவும் ஓடும்படி நீங்கள் பதித்திருந்தால் (அழகாக இருக்கும் என்று அப்படித்தான் பதித்திருப்பீர்கள்) இரண்டும் எதிரெதிராக இழுத்து, ஒருநாள் ராத்திரி 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். பல்லி என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.

விருந்தாளிகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவர்கள். "நீங்களே பண்ணீங்களா!" என்பார்கள், காபி குடிப்பார்கள், போவார்கள். ஆபத்து ஆசாரி. கதவுத் தாழ்ப்பாள் சரிசெய்ய வந்தவர் கருவிப் பையை இறக்கும் முன்பே கண் அங்கே போய்விடும். பார்க்க மாட்டார், கட்டைவிரல் நகத்தைப் பலகையில் வைத்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டே ஓரத்தின் மேல் இழுப்பார். கண் ஏமாறும் இடத்தில் நகம் ஏமாறாது. நகம் தட்டிய இடத்தில் ஒரு நொடி நிறுத்துவார்.

"யாரு சார் செஞ்சது?"

பதிலை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "மைசூர்ல வாங்கினதுங்க."

"எவ்வளவு கொடுத்தீங்க?"

எந்தத் தொகையைச் சொன்னாலும் உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் சொல்லப்போகிறார். ஆகவே பெரிய தொகையாகவே சொல்லுங்கள்.